மணிமுத்துவின் மூக்கு

ஆமத்தூர் மணிமுத்துவை ஊரில் பாதிப் பேர் திட்டுவார்கள், மீதிப் பேர் பாவம் என்பார்கள். நான் இரண்டையும் செய்கிறவன். அடுத்த வீட்டுக்காரன், நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் இருபத்தாறு வருடம் மருந்து கலந்தவர் அவர். எங்கள் பக்கம் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான், குடிக்கிற மருந்தெல்லாம் அப்புறம். அலுமினியத் தூளும் வெடியுப்பும் கலந்த மருந்தில் ஈரம் ஏறிவிட்டால் தானாகவே சூடு பிடிக்கும். தீப்பற்றுவதற்கு முன்னால் மூத்திர நெடி போல லேசாக ஒரு வாடை கிளம்பும். மற்றவர்களுக்குத் தெரிவதற்குள் மணிமுத்துவின் மூக்கு அதைப் பிடித்துவிடும். "எல்லாரும் வெளிய போங்க" என்பார். அறை காலியாகிவிடும். மூன்று முறை அப்படி ஆட்களைக் காப்பாற்றியிருக்கிறார். அதனால் ஆலையில் அவருக்கு மூக்கண்ணன் என்று பெயர். அவர் இருக்கும் அறையில் வேறு யாரும் தன் மூக்கை நம்புவதில்லை.

கொரோனா இரண்டாம் அலையில் அவருக்கு இருமல் வந்தது. மருந்துத் தூசிதான் என்று நான்கு நாள் சாதித்தார். காய்ச்சல் ஏறிய பிறகு நான்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டர் பொறுமைசாலி. கொரோனா என்பது ஒற்றைக் கிருமி இல்லை, பெரிய குடும்பம், வௌவாலிலும் ஒட்டகத்திலும்கூட அதன் சொந்தங்கள் உண்டு, சிலது வெறும் சளியோடு விட்டுவிடும் என்று விளக்கினார். எல்லாக் குடும்பத்திலும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன். மணிமுத்து இரண்டு வாரத்தில் எழுந்து நடமாடினார். தப்பித்துவிட்டார் என்றே நினைத்தோம்.

ஒரு மத்தியானம் அவர் வீட்டுக் கருவாடு கருகி எங்கள் வீடு வரை நாறியது. ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த அவர் மனைவி பாண்டிலட்சுமி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, இம்புட்டு தீயுது, தெரியலயா?"

சட்டியை எடுத்து முகத்தருகே வைத்து முகர்ந்தார். சூடத்தைக் கசக்கி முகர்ந்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"கம்பெனியில சொல்லிருங்க. வேற வேல குடுக்கட்டும்" என்றாள் பாண்டிலட்சுமி.

"சொன்னா வாச்மேனா கேட்டுல கொண்டுபோயி உக்கார வச்சிருவாக. இத்தன வருசம் மூக்கண்ணன்னு சொன்ன வாயி, நாளைக்கு என்ன சொல்லும்? தீவாளி முடியட்டும், வாசன திரும்ப வந்துரும்." என்னைப் பார்த்து, "நீயும் வாயத் தொறக்காத" என்றார்.

நான் திறக்கவில்லை. மேனேஜர் எனக்குத் தெரிந்தவர்தான், ஒரு போன் போதும். நண்பனின் மானம் பெரிதாகத் தெரிந்தது எனக்கு. என்ன மானமோ!

ஊரடங்கு முடிந்து ஆலை திறந்தது. ஆர்டர் குவிந்தது. மணிமுத்து பழையபடி மருந்து கலந்தார். உள்ளங்கையால் சூடு பார்த்தே சமாளித்தார். புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் விடிய விடிய மழை. மறுநாள் காலை கலந்து வைத்திருந்த மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொன்மணி தட்டில் அள்ளிக்கொண்டிருந்தாள். ஆனைக்குட்டத்துப் பெண், இரண்டு பிள்ளைகள். மணிமுத்து சல்லடை எடுக்க வாசலைத் தாண்டினார். பின்னால் அறை வெடித்தது.

அவருக்கு முதுகில் மட்டும் காயம். மூன்றாம் நாள் மதுரை ஆஸ்பத்திரியில் பொன்மணியைப் பார்க்கப் போனோம். உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடுவது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தார். முகம் முழுக்கக் கட்டு, உதடு மட்டும் வெளியே தெரிந்தது. வந்திருப்பது யார் என்று நர்ஸ் சொன்னதும், அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"அண்ணே, காயம் ஒண்ணும் பெருசா இல்லையே?"

"இல்ல தாயி."

அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"எனக்கு அந்த நாத்தம் நல்லா அடிச்சுச்சுண்ணே. எந்திரிச்சு ஓடணும்னுதான் நெனச்சேன். நீங்க ஒண்ணும் சொல்லலயா, அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு உக்காந்துட்டேன்."