நாலாம் நம்பர் சிஸ்டத்து கீபோர்டு

செத்துக் கிடந்த ஒரு ஆன்லைன் கேமை உயிரோட எழுப்புனது நான்தான். பொய்ங்க. நான் பண்ணதெல்லாம் கேமுக்குள்ள போய் செவுரு செவுரா முட்டினதுதான். ஆனா என் ஜெராக்ஸ் கடை மேசையில கிடக்கே இந்தக் கீபோர்டு, இது பொய் இல்ல. இதுல ஆறு எழுத்து தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. தேய்ச்சது டீச்சர்.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் கொஞ்ச வருஷம் தொம்மலூர்ல ஒரு பிரவுசிங் சென்டர்ல வேலை பாத்தேன். வேலைன்னா சேர் துடைக்கறது, ஹேங் ஆன சிஸ்டத்தைத் தட்டறது. மூணாங்கிளாஸ்லயே ஸ்கூல் என்கிட்டருந்து தப்பிச்சிடுச்சு. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் காக்ஸ் டவுன்லருந்து ஒரு ஸ்கூல் டீச்சர் வந்து நாலாம் நம்பர் சிஸ்டத்துல உக்காருவாங்க. அவங்க தம்பிக்கு துபாய்ல வேலை. போன் பண்ணா கட்டுப்படியாகாதுன்னு, ரெண்டு பேரும் அந்த கேமுக்குள்ள ஒரு துறைமுகத்துல சந்திச்சுப் பேசுவாங்க. அவன் முதல்ல கேக்கறது எப்பவும், "அக்கா, சாப்டியா?" இவங்க இங்கிலீஷ் எழுத்துல "சாப்டேன்"னு தட்டுவாங்க. தம்பி அங்கயே காய்ச்சல்ல போயிட்டான். அந்த கேம்ல ஆளு வெளிய போனாலும், அவனுக்குப் பதிலா நடமாடற பொம்மை விட்ட இடத்துல உக்காந்து தூங்கும். தம்பி பொம்மையும் துறைமுகப் படியில தலை குனிஞ்சு உக்காந்திருந்துச்சு. டீச்சர் வாராவாரம் பக்கத்துல போய் நின்னு "சாப்டேன்"னு தட்டிட்டுப் போவாங்க. தேஞ்ச ஆறும் அந்த எழுத்துதான். பதில் வராது.

அப்போ கேம் நடத்தின கம்பெனி கைய விரிச்சிடுச்சு. ஆளே வரல, மூடறோம்னாங்க. டீச்சர் என்கிட்ட, "அவனை அடக்கம் பண்ணப்போ மூஞ்சிகூட நான் பாக்கலப்பா. இதையும் மூடிட்டா எங்க போய் பாப்பேன்?"ன்னாங்க. எனக்கு ஜோக்கே வரல, அதிசயம். எங்க சென்டருக்கு வர்ற சாப்ட்வேர் சார்கிட்ட சொன்னேன். அவரும் அந்த கேம் பைத்தியம். அவரும் வேற ஊர் பைத்தியங்க சிலரும் மெயில் மேல மெயில் போட்டு, "நீங்க விட்டா நாங்க நடத்தறோம்"னு புரோகிராமையே கேட்டு வாங்கிட்டாங்க. சம்பளம் கிடையாது, லீவு நாள்ல ரிப்பேர். நான் முட்டி முட்டி எந்த செவுரு ஓட்டைன்னு சொல்லுவேன், சார் அடைப்பாரு. பழைய ஆளுங்களுக்கு ஒவ்வொருத்தரா மெயில் போட்டோம். அப்பவும் தெரு காலி. புதுசா வந்தவன் எட்டிப் பாத்துட்டு ஓடிட்டான்.

"காலி ஓட்டல்ல எவன்டா சாப்பிடுவான்?"னாரு சார். தூங்கற பொம்மைங்களை எழுப்பி, முன்னாடி அவங்க பேசினதையே பேசவிட்டு நடக்க வைக்கலாம்னு முடிவு பண்ணாங்க. "மெயில்ல சரின்னு சொன்னவங்க பேரை மட்டும் எழுதுடா"ன்னு என்கிட்ட சொன்னாரு. லிஸ்ட் நீளமா இருந்தாதானே நமக்குக் கெத்து? துறைமுகத்துல தூங்கின அத்தனை பேரையும் சேத்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை, பட்டப்பகல். தம்பி பொம்மை எழுந்திரிச்சு மெதுவா டீச்சர்கிட்ட நடந்து வந்துச்சு. "அக்கா, சாப்டியா?" டீச்சர் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. "சாப்டேன்"னு தட்டினாங்க. "இங்க வெயில் ஜாஸ்திக்கா"ன்னுச்சு அது. நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். திரும்பாமலே, "ஒண்ணும் சொல்லாதப்பா"ன்னாங்க. சாயங்காலம் சார்கிட்ட ஒத்துக்கிட்டேன். "மூளை இருக்காடா உனக்கு? செத்தவனைப் போய்..."ன்னு திட்டிட்டு, என் கண்ணெதிர்ல அந்தப் பேரை எடுத்தாரு. அந்த வாரமே நிஜ ஆளுங்க மளமளன்னு திரும்பி வந்துட்டாங்க. இனி இந்தக் கண்கட்டு வேண்டாம்னு எல்லாப் பொம்மையையும் தூங்க வெச்சாச்சு.

அடுத்த ஞாயிறு துறைமுகத்துல ஒரே கூட்டம். பழைய பொம்மை எல்லாம் அசையாம தூங்குது. தம்பி மட்டும் எழுந்தான்.

"அக்கா, போன வாரம் ஏன் அழுத?"

அழுததை டீச்சர் தட்டவே இல்லீங்க. பக்கத்து சிஸ்டத்துல இருந்த சாரைப் பாத்தேன். அவரு ரெண்டு கையையும் தூக்கிக் காமிச்சு, "நான் இல்லடா"ன்னாரு. டீச்சர் மட்டும் பயப்படல. இந்தக் கீபோர்டைக் கிட்ட இழுத்து, தேஞ்ச எழுத்தையெல்லாம் விட்டுட்டு, தம்பி போனதுக்கப்புறம் அவங்க விரல் போகாத எழுத்தா தேடித் தேடித் தட்டினாங்க. என்ன தட்டினாங்கன்னா...

"ஏங்க! மெஷின்ல பேப்பர் மாட்டிக்கிச்சு, ஆளு நிக்கறாரு. கதை அளந்தது போதும், வாங்க!"

வரேன்டி, வரேன். நீங்க அந்தக் கீபோர்டை மட்டும் தொடாதீங்க.