பாட்டுக்கு அடியில் கிடந்த கல்யாணம்

என் மனைவியைப் போல வீடியோ வெட்டக்கூடிய ஆள் வெள்ளவத்தையில் இன்னொருவர் இருந்தால் வரச் சொல்லுங்கள், பார்க்கலாம். இதை அவள் முன்னால் சொல்லமாட்டேன். சொன்னால் ஒரு கிழமைக்குத் தலைகால் தெரியாது.

அவள் ஓ.எல். பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற டியூஷன் டீச்சர். ஊரடங்குக் காலத்தில் பாடங்களைப் போனில் எடுத்து, வீட்டுக் கொம்பியூட்டரில் வெட்டிச் சுருக்கி, டேட்டா குறைந்த பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும்படி அனுப்பப் பழகினாள். வெட்டுவது வேறு, சுருக்குவது வேறு என்று எனக்கும் அப்போதுதான் விளக்கினாள். வெட்டினால் நேரம் குறையும். சுருக்கினால் நேரம் அப்படியே இருக்கும், தெளிவு குறையும். அளவு மீறிச் சுருக்கினால் முகமெல்லாம் சதுரம் சதுரமாக உடைந்துவிடும். எனக்கு இதெல்லாம் எதற்கு என்று பேப்பரை விரித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

பிறகு எங்கள் மகளின் விசா மறுக்கப்பட்டது.

பேசிச் செய்த கல்யாணம். மருமகன் வெளிநாட்டில். இரண்டு வருடம் போனில் கதைத்து, லீவில் வந்து தாலி கட்டி, லீவு முடியத் திரும்பிப் போய்விட்டார். மகளைக் கூப்பிட அவர் போட்ட விண்ணப்பத்துக்கு, இது உண்மையான கல்யாணம்தானா என்பதில் தங்களுக்குத் திருப்தி இல்லை என்று பதில் வந்தது. எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. மண்டபம் நிறைய ஆட்கள் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டுப் போனார்களே, அவர்களெல்லாம் நடிக்க வந்தவர்களா? மகள் அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தாள். எங்கள் பெருந்தெருவான காலி வீதியில் இறங்கினால் போதும், "இன்னும் பிள்ளை போகேல்லையோ?" என்று யாராவது கேட்பார்கள். கேட்பவரின் வாயில் ஒன்று போடலாம் போலிருக்கும்.

மேன்முறையீட்டுக்கு மருமகன் பிடித்த வழக்கறிஞர், கல்யாண வீடியோவில் ஒரு சின்னத் துண்டு அனுப்பச் சொன்னார். விசா அலுவலகத்தின் இணையத்தளத்தில் பெரிய ஃபைல் ஏறாது. இந்த முறையும் மறுத்தால் பிறகு கஷ்டம் என்றும் சொன்னார்.

எங்கள் ஆட்களின் கல்யாண வீடியோ எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. புகை, பூ, இதய வடிவத்துக்குள் இரண்டு தலை. எல்லாவற்றுக்கும் மேலே தொடக்கத்திலிருந்து முடிவுவரை பாட்டு. ஐயர் வாயசைப்பார், தவில்காரர் தவிலை அடிப்பார், கேட்பது என்னவோ காதல் பாட்டு.

"தாலி கட்டுற இடத்தை வெட்டி அனுப்பும். அதைவிட என்ன சாட்சி வேணும்?" என்றேன்.

"தாலியை ஆரும் கட்டலாம். இதிலை ரெண்டு பேரும் ஒரு சொல்லுக் கதைக்கிறது கேக்குதோ? இதைப் பாத்தா நானே நம்பமாட்டன்" என்றாள்.

அடுத்த நாளே என்னையும் இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினாள். வீடியோக்காரரிடம் எடுத்தது எடுத்தபடி எல்லாம் வேண்டும் என்று கேட்டாள். அந்த மனிதர் பதறிப்போனார்.

"அக்கா, அது முழுக்கக் குப்பை. ஆக்கள் மூக்குச் சொறியிறது, கொட்டாவி விடுறது எல்லாம் கிடக்கு. வெளியாலை போனா என்ரை பேர் கெட்டிடும்."

"தம்பி, எனக்கு அந்தக் குப்பைதான் வேணும்."

வீட்டுக்கு வந்து அவள் வேலை செய்த விதத்தைச் சொல்லவேண்டும். நான் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவள் திரைக்கு முதுகைக் காட்டியபடி உள்ளி உரித்துக்கொண்டு கேட்டாள். பார்க்கவேயில்லை! கேட்டதற்கு, "பாத்தா சீலையிலை கண் போயிடும்" என்றாள். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதும்போதே பின்வரிசை வாங்கில் கிசுகிசுப்பது யார் என்று பிடிக்கிற காது அது. கடற்கரை ரயில் போனால் மேசையே அதிரும்; அப்போதெல்லாம் நிற்பாட்டி, ரயில் போனபிறகு அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொல்வாள். இரண்டாம் நாள், தவில் ஓய்ந்த ஓர் இடைவெளியில், "பொறுங்கோ!" என்று கத்தினாள்.

மணவறையில் மருமகனின் குரல், மிக மெதுவாக: "காலமையிலிருந்து வெறும் வயிறு எல்லோ? உமக்கு காஸ்ட்ரைட்டிஸ். ஐயர் அங்காலை திரும்பேக்கை இதைக் கடியும்." வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்து நீட்டுகிறார்.

"ஐயோ, கமராக்காரர் பாக்கிறார்!" இது எங்கள் மகள்.

"பாக்கட்டும்."

மகள் தலையைக் குனிந்து மெல்லுகிறாள். அடக் கடவுளே! முடித்துத் தந்த வீடியோவில் இதே இடத்தைத்தான் ஸ்லோ மோஷனில், பாட்டோடு, மணப்பெண்ணின் நாணம் என்று எங்களுக்குக் காட்டியிருந்தார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "கூட இருந்து பழகாத பெடியனுக்கு இவளின்ரை வயித்துக் குத்துத் தெரிஞ்சிருக்கு. இதைவிட என்ன கல்யாணம்?" என்றாள். எனக்கு அவள்மேல் அப்படியொரு மரியாதை வந்தது.

அதை வெட்டி எடுத்தாள். சாப்பாட்டு மேசையில் மகளும் மருமகனும் சண்டை பிடித்த ஓர் இடத்தையும், விடைபெற்று மண்டபத்தால் வெளிக்கிடும் இடத்தையும் சேர்த்தாள். கீழே ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு அடித்தாள். பிறகு சுருக்கத் தொடங்கினாள். பழைய கொம்பியூட்டர் சூடேறி உறுமியது. சத்தத்தில் மட்டும் கைவைக்க மறுத்துவிட்டாள். "முகம் கொஞ்சம் மங்கினாப் பரவாயில்லை, குரல் மங்கக்கூடாது."

அப்படியும் ஃபைலின் அளவு கொஞ்சம் கூடத்தான் நின்றது. இனிச் சுருக்கினால் முகம் உடையும். ஒரு துண்டை எடுத்தே ஆகவேண்டும்.

மண்டபத்தால் வெளிக்கிடும் துண்டை அவள் திரும்பப் போட்டாள். இந்த முறை திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மகள் தாயைக் கட்டிப்பிடித்து அழுகிறாள். பாட்டு இல்லாததால் அவள் சொல்வது தெளிவாகக் கேட்டது: "அம்மா, நான் போகேல்லை. உங்களை விட்டிட்டு நான் போகமாட்டன்."

"அதை எடுக்காதையும். சண்டைத் துண்டை எடும்" என்றேன்.

"விசர்க்கதை கதையாதேங்கோ. இதைக் கேட்டா அவங்கள் என்ன நினைப்பாங்கள்? பிள்ளைக்கு விருப்பமில்லை, பிடிச்சுக் கட்டி வைச்சிட்டினம் எண்டு நினைப்பாங்கள்." அந்தத் துண்டு போயிற்று. ஃபைல் ஏறியது.

விசா வந்த அன்று மகள் போனைத் தூக்கிக்கொண்டு சின்னப் பிள்ளைபோல வீடு முழுக்க ஓடினாள். நானும் சேர்ந்து குதித்தேன், கீழ் வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று. மனைவி அவளை உச்சி மோந்துவிட்டுக் குசினிக்குள் போனாள். நான் பின்னால் போனேன்.

"அண்டைக்கு எடுத்த துண்டு எங்கை வைச்சிருக்கிறீர்? இவள் போனாப்பிறகு போட்டுப் பாப்பம்" என்று கேட்டேன்.

"அழிச்சிட்டன். வீடியோக்காரர் தந்ததிலையும்."

"ஏனப்பா?"

குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

"அது வீட்டிலை கிடந்திருந்தா, நான் அவளை மறிச்சிருப்பன்."