நுரை வரும்வரை விற்காத கடை

வெனிலா எசென்ஸ், புது கார்க், அதற்கு அடியில் லேசாக மாவு புளித்த மாதிரி ஒன்று... பிரேசர் டவுனில் இருந்த அந்தக் கடையின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

கேக் சாமானும் ஒயின் சாமானும் விற்ற சின்னக் கடை. கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே திராட்சை ஒயின் போடுகிற எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஜாடி, கார்க், ஈஸ்ட் எல்லாம் அங்கேதான். கவுன்டரில் ஆரோக்கியம் அண்ணன்.

அவரிடம் ஒரு வழக்கம். ஈஸ்ட் கேட்டால் உடனே பொட்டலம் கட்ட மாட்டார். டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு ஸ்பூன் சர்க்கரை, அதில் ஒரு சிட்டிகை ஈஸ்ட். பிறகு ஸ்டூலைக் காட்டி, பாதி கன்னடத்தில் சொல்வார், "சும்னே உக்காரும்மா." நுரை பொங்கினால்தான் விற்பார். பஸ் போய்விடும் என்றாலும் உட்கார வேண்டியதுதான். எனக்கு அந்த ஸ்டூலைக் கண்டாலே ஆகாது. காத்திருக்கத் தெரியாதவள் நான், அன்றும் இன்றும்.

அவருக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல வரவில்லை. அவர் சொன்னதில் பாதி கதை. சத்தம் போட்டால் ஈஸ்ட் பயந்துகொள்ளும் என்பார். அமாவாசையில் பழம் பிழியக் கூடாது என்பார். நான் அப்போதுதான் மைக்ரோபயாலஜியில் எம்.எஸ்ஸி முடித்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பேன்.

அந்த ஜனவரியில் என் தங்கை ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஒயின் போடுவது அப்பா. அந்த வருஷம் அப்பா இல்லை. ரிசப்ஷனில் கேக் வெட்டியதும் எல்லோர் கையிலும் கொடுக்கிற ஒயின் வீட்டு ஒயினாகத்தான் இருக்க வேண்டும் என்று ஸ்டெல்லா பிடிவாதம் பிடித்தாள். கடையில் வாங்கிவிடலாம் என்றேன் நான். "அப்பா இருந்தா இப்படிச் சொல்லுவியா?" என்று கேட்டுவிட்டாள்.

போட்டேன். அவளோடு பேசாமல் போட்டேன்.

ஜாடி பொங்கவில்லை. முதல் நாள் இல்லை, மறுநாளும் இல்லை... காதை வைத்துப் பார்த்தேன், ஒரு குமிழி கூட இல்லை. புதிதாகப் பழம் வாங்கி மறுபடி போட்டால் கல்யாணத்துக்குள் தயாராகாது. மீதி ஈஸ்ட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

எடுத்தவுடனே கேட்டார், "வீட்ல யாராச்சும் சண்டையா?"

"அண்ணா, ஈஸ்ட்டுக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?"

"அப்போ சண்டைதான்." சிரித்தார். "கல்யாணப் பொண்ணோடயா? இன்னாம்மா நீ..."

மறுபடி டம்ளர், மறுபடி ஸ்டூல். கொஞ்ச நேரத்தில் நுரை விளிம்பு வரை ஏறி வந்தது.

"இது நல்லாத்தான் கீது. உன் ஜாடிதான் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு. எங்க வச்ச?"

"பின்னாடி ரூம்ல, தரையில."

"டிசம்பர்ல மொசைக் தரையிலயா? பயந்து போயிருக்கும்மா."

"பயமில்லண்ணா, குளிரு."

"சரி, உன் காலேஜ்ல குளிரு, என் கடையில பயம். எதுவா இருந்தா என்ன, தூக்கி பெஞ்சு மேல வை, கம்பளி போத்து. ஒத்தையா தூக்காத, ஒடச்சிடுவ. தங்கச்சியக் கூப்டு."

கூப்பிட வேண்டியதாயிற்று. அவ்வளவு கனம். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அப்பாவின் கம்பளியை அவள்தான் கொண்டுவந்து சுற்றினாள். மறுநாள் காலையில் என்னை உலுக்கி எழுப்பினாள். "அக்கா, வந்து கேளேன்." ஜாடிக்கு இந்தப் பக்கம் என் காது, அந்தப் பக்கம் அவள் காது. உள்ளே பொட்டுப் பொட்டென்று சத்தம்...

அது நடந்து இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது. அடுத்த மாதம் ஸ்டெல்லாவின் கல்யாண வெள்ளி விழா. "அதே ஒயின் போடுக்கா" என்று மெசேஜ் அனுப்பினாள்.

பிரேசர் டவுன் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். மெட்ரோ பிடித்து வைட்ஃபீல்ட் போனேன். வீட்டில் பீர், ஒயின் போடுகிறவர்களுக்கென்றே ஒரு ஏசி கடை. கவுன்டரில் இருந்த பெண் நன்றாகப் படித்தவள். எந்த ஈஸ்ட் எத்தனை டிகிரியில் வேலை செய்யும், எவ்வளவு சர்க்கரை தாங்கும், எல்லாம் மனப்பாடம். ஆரோக்கியம் அண்ணனுக்கு அதில் கால்வாசி கூடத் தெரிந்திருக்காது. நான் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள். என்னிடம்தான் அவள் ஒன்றும் கேட்கவில்லை. என்ன பழம், எங்கே வைக்கப்போகிறேன், யாருக்காக... எதுவும். சில நிமிஷத்தில் பையோடு வெளியே வந்துவிட்டேன். இந்த வேகத்தைத்தானே அந்தக் காலத்தில் கேட்டேன்?

போட்டு மூன்று நாள் ஆகிறது. பொங்கவில்லை.

கடைக்கு போன் செய்தேன். "சில டைம் லேட் ஆகும் மேடம், நார்மல்தான். இல்லன்னா இன்னொரு பாக்கெட் போட்டுப் பாருங்க." தப்பான பதில் இல்லை. ஆனாலும் உட்கார முடியவில்லை. மீதி ஈஸ்ட்டை டம்ளரில் போட்டுப் பார்த்தேன். நுரை வந்தது. கம்பளியும் போர்த்தியாகிவிட்டது. இப்போது ஜாடி இல்லை, பிளாஸ்டிக் டிரம். முதலிலேயே ஸ்டூல் மேல் வைத்துவிட்டுத்தான் ஊற்றினேன். தூக்க யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

சற்று முன் ஸ்டெல்லா போன் செய்தாள். இதே ஊரில், மைசூர் ரோடு பக்கம் இருக்கிறாள். கடைசியாக எப்போது நேரில் பார்த்தோம் என்று யோசித்தால் ஏதோ ஒரு சாவு வீடுதான் ஞாபகம் வருகிறது.

"என்னக்கா, பொங்குச்சா?"

"இல்லடி."

"நமக்குள்ள ஏதாவது சண்டையா?"

"சண்டை போடற அளவுக்கு நாம எப்போ பேசினோம்?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஹால்ல வெயில் வருமில்ல, அங்க மாத்திடலாம். நீ ஒத்தையா தூக்காத. நான் வரேன்."

மெட்ரோவில் ஏறிவிட்டதாக மெசேஜ் வந்திருக்கிறது. இதை எழுதுவதற்குள் எத்தனையோ தடவை எழுந்து போய் டிரம்மில் காதை வைத்துவிட்டேன். இன்னும் ஒரு குமிழி இல்லை... வெளியே லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசற்கதவைப் பார்க்கிறேன்.