மலையாளத்தார் ஏறிய பனை

திருகோணமலைத் துறைமுகத்தடிக் கள்ளுத் தவறணை வாசலில் நான் மீன் பொரித்து விற்ற காலம் அது. என்னிடம் வாய் கொடுத்துத் தப்பிய குடிகாரன் கிடையாது. ஆனால் அங்கே கள்ளு இறக்கிய மலையாளத்தாரைக் கண்டால் நானே எழுந்து நிற்பேன். நெடிய மெலிந்த உடம்பு, காதில் கடுக்கன். ஏறுமுன் தென்னையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

ஒருநாள் தூத்துக்குடித் தோணிக்காரர் ஒருவர், “அண்ணாச்சி, உங்க தென்னங்கள்ளு பச்சப்புள்ளைக்குத்தான் ஆவும். எங்க பனங்கள்ளு முன்னால நிக்காது” என்றார்.

“எடா, உங்கட நாட்டில கள்ளுக்கே தடை. நீ எப்ப குடிச்சனி?” என்று மலையாளத்தார் கேட்டதும் தவறணையே சிரித்தது.

தோணிக்காரரின் முகம் வாடிப்போனது. “எங்க ஐயா பனையேறி. சின்னதுல நாக்குல தொட்டு வச்சாரு. இப்ப அந்த ருசியே மறந்துபோச்சு அண்ணாச்சி.”

வாழ்நாளில் பனையேறாத மலையாளத்தார், மறுநாளே ஒரு பனையில் ஏறிப் பாளை சீவத் தொடங்கினார். ஒரு கிழமை கழித்து, தோணி புறப்படும் காலையில், கள்ளு முட்டியோடு வந்தார். பனஞ்செதில் கிழித்து நெஞ்செல்லாம் இரத்தம் காய்ந்திருந்தது.

தோணிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

“இப்ப சொல்லு, எது நல்லது?”

“பனைதான் அண்ணாச்சி.”

“அப்ப நான் தோத்தன்!” என்று மலையாளத்தார் கைகொட்டிச் சிரித்தார்.

நான் ஒருவருக்கும் தோற்றுக்கொடுத்தவள் அல்ல. தோல்வி அந்த மனிதருக்கு எப்படி அவ்வளவு இனித்ததென்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.