அண்ணி வளர்த்த பச்சைப் பாசி

எங்கள் அண்ணிக்கு வேலையே பாசி வளர்ப்பதுதான். சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஊரே தொட்டியைத் தேய்த்து வழித்துப் போடுகிற சமாசாரத்துக்குச் சம்பளமா என்று கேட்பார்கள். கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிப் புட்டிகளோடு மல்லுக்கட்டுவதில் அண்ணிக்கு அப்படி ஒரு வெறி.

பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பல் திட்டாக ஒட்டியிருக்குமே லைக்கன், அது ஒரே உயிர் இல்லை. ஒரு பூஞ்சையும் பச்சைப் பாசியும் நடத்தும் கூட்டுக் குடித்தனம். பாசி சமைத்துப் போடும். பூஞ்சை மேலே மூடிக் காக்கும். அந்தப் பாசியைத் தனியே பிரித்து வளர்த்தே தீருவேன் என்று அண்ணி ஒற்றைக்காலில் நின்றார். பச்சை என்றால் வெயில் வேண்டாமா? ஒவ்வொரு புட்டியையும் நல்ல வெளிச்சத்தில் வைத்தார். ஒவ்வொன்றும் வெளுத்துச் செத்தது.

"இந்த மாசத்துக்குள்ள ஒண்ணாவது வளரலைன்னா உன் புட்டி அலமாரியைக் காளான் ஆராய்ச்சி ஆளுங்களுக்குக் குடுத்துடுவேன்" என்று ஆய்வகப் பேராசிரியை சொல்லிவிட்டார்.

மிஞ்சிய ஒரே புட்டியை அண்ணி எங்கள் சமையலறை ஜன்னலில் வைத்தார். அங்கே வெயில் கொட்டும். புது லைக்கன் தேடி மலைக்குக் கிளம்பும்போது, "என்னங்க, இதை மட்டும் தொட்டுடாதீங்க" என்று அண்ணனிடம் கெஞ்சிவிட்டுப் போனார். அண்ணன் தொடவில்லை. டீ குடிக்கும்போது கண் கூசுகிறதென்று ஜன்னலில் ஒரு தடித்த துண்டைத் தொங்கவிட்டார், அவ்வளவுதான்.

சில வாரம் கழித்துத் திரும்பி வந்த அண்ணி ஜன்னலை மறைத்த துண்டைப் பார்த்து வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "ஒரு வேலையாவது உருப்படியா செய்வீங்களா?" என்று துண்டை உருவியவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். புட்டி முழுக்கப் பச்சை!

"பூஞ்சைக் கூரைக்குக் கீழ நிழல்ல குடியிருந்த உயிருங்க இது! நான் கூரையைப் பிரிச்சுட்டு, நடுவெயில்ல நிக்கவெச்சு, வளரு வளருன்னு உயிரை வாங்கியிருக்கேனே!"

அண்ணன் தானே கண்டுபிடித்ததுபோல மீசையை முறுக்கிக்கொண்டார்.

கல்லூரிக்குப் போக அண்ணி புட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் பைக்கில் ஏறினார். "மெதுவா போ தம்பி, குலுங்குது!" அடுத்த நொடியே, "ஏன் இப்படி ஊர்றே? அலமாரி போயிடப் போகுது!"

காளான் ஆட்கள் பெட்டிகளோடு வந்தே விட்டார்கள். பேராசிரியை ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் குனிந்தார்.

"பூஞ்சை இழை ஒண்ணுகூட இல்லை, தனிப் பாசிதான்" என்றவர் நிமிர்ந்து, "பெட்டியெல்லாம் வெளிய கொண்டு போங்கப்பா" என்றார்.

அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். என் பிடரியைப் பிடித்து நுண்ணோக்கிக்குள் அமுக்கினார். உருண்டை உருண்டையாய், பச்சைப் பசேலென்று, ஒவ்வொன்றும் தனித்தனியாக உயிரோடு இருந்தது.