ஞாயிற்றுக்கிழமை மூச்சு

இல்லை, திங்கட்கிழமை அவர் ஒருமுறைகூட வந்ததில்லை. எல்லாமே ஞாயிறுதான்.

சலோமி அக்காவின் மகளிடம் போனில் இதைத்தான் சொன்னேன். "அம்மா காலையில போயிட்டாங்க" என்றாள். பிறகு, மதுரையில் அவரைப் பார்த்த டாக்டர் கேட்டதாகச் சொல்லிக் கேட்டாள்: திங்கட்கிழமை வேலை முடிந்த பிறகு எப்போதாவது அம்மாவுக்கு மூச்சுப் பரிசோதனை செய்தீர்களா?

ராஜபாளையம் மில்லில் அவரோடு கார்டிங்கில் நின்று பஞ்சு சிக்கெடுத்தவர்களுக்கும், சர்ச்சில் அவரோடு பாடியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கிளினிக்கில் உங்களைக் குழாயில் ஊதவைத்தவள் நான்.

ஏழு வருடம் முன்பு. நான் மூச்சுப் பரிசோதனைப் படிப்பை முடித்து வந்த புதிது. மில்லுக்கு ஞாயிறு லீவு; உங்கள் வேலை கெடக்கூடாதென்று கிளினிக்கை ஞாயிறு மதியம் திறந்துவைத்திருந்தோம். சலோமி அக்கா சர்ச்சிலிருந்து பாடகர் குழுச் சேலையோடு நேராக வந்தார். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று கத்தினேன். குழாயை எடுத்துவிட்டுச் சொன்னார்: "எங்க பாட்டு மாஸ்டர்கூட இம்புட்டு அதட்ட மாட்டாரு, ஏட்டி." திரையில் கோடு அழகாக எழுந்து இறங்கியது. 'நார்மல்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பால்கோவா டப்பாவோடு அந்தத் தாளின் நகலையும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மறு வருடம், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கடைப்படியில் உட்கார்ந்திருந்தார். "என்னக்கா?" என்றேன். ஒரு விரலைத் தூக்கினார். பொறு. அந்த விரல் வெகுநேரம் இறங்கவில்லை. பேச்சு வந்ததும் சொன்னார்: "திங்கக்கெழமைன்னா இப்படித்தான். நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி. ரெண்டு நாள்ல சரியாயிரும். டிப்பார்ட்மெண்ட்ல அம்புட்டுப் பேருக்கும் உண்டு."

எல்லாருக்கும் இருந்ததால் அதை அவர் நோய் என்று நினைக்கவில்லை. நான் படித்தவள். ஒரு நாள் ஓய்வில் நுரையீரல் தளரும். மறுநாள் பஞ்சுத்தூசி பட்டதும் இறுகும். தொடக்கத்தில் நோய் பிடிபடுவது அந்த முதல் நாள் வேலை முடியும்போதுதான். தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் படியருகே நின்று நான் சொன்னது: "ஞாயித்துக்கெழம வாங்கக்கா, ஊதிப் பாத்துருவோம்."

வந்தார். நார்மல்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கோடு எழவில்லை. "பாட்டுல இப்ப வாய மட்டுந்தான் அசைக்கேன். யாருக்கும் தெரியல" என்றார். இத்தனை நாளும் தப்பான கிழமையில் ஊதவைத்தேன் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. சொல்ல நாள் இருந்தது.

இன்ஹேலர் கொடுத்தோம். மருந்து அவர் நாக்கிலேயே படிந்தது. விளக்கினேன். பெரிய துகள் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். ஐந்து மைக்ரானுக்கும் சிறியதே ஆழத்துக்குப் போகும். தூசியும் அப்படித்தான், மருந்தும் அப்படித்தான். மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். இரண்டு எண்ணுவதற்குள் இருமல் வந்தது. "தூசிக்கு வழி தெரியுது, ஏட்டி. மருந்துக்குத்தான் வழி சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு." காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், இருமி முடித்த பிறகு.

வழியைப் பிறகு கற்றுக்கொண்டார். மருந்தும் உள்ளே போனது. அது போய்ச் சேர்ந்த இடத்தில் மீட்பதற்கு அதிகம் இல்லை. இந்த மழைக்கு வந்த சளிக்காய்ச்சலை அந்த நுரையீரல் தாங்கவில்லை.

தூசி அவரைக் கொன்றது என்று எழுதலாம். அது பாதிதான். நாங்கள் இரக்கப்பட்டுத் தேர்ந்தெடுத்த கிழமை மீதி.

மகள் பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டாள். நகல் கொடுத்தேன். 'நார்மல்' என்று நான் கையெழுத்திட்ட அந்த இரண்டு தாள்கள் என்னிடம் இருக்கின்றன. தூக்கிய அந்த ஒரு விரலும்.

அடக்கத்துக்கு அடுத்த திங்கட்கிழமை, ஊதும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு ராஜபாளையம் போனேன். மில் வாசலுக்கு எதிரே டீக்கடையில் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டேன். ஷிப்ட் விட்டதும் நீங்கள் பஸ்ஸுக்கு ஓடினீர்கள். உங்களில் ஒருவர் ஓட முடியாமல் நின்றார். அவரை உட்காரவைத்து, குழாயைக் கையில் கொடுத்தேன்.