வேற்றுக்கிரகத் தலைவியின் தங்கை

ரங்கநாயகி அக்காவின் முகம் மதுரையில் அதிகம் பேருக்குத் தெரியாது. குரல் தெரியும். தெற்கு மாசி வீதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் மைக் அவர் கையில்தான் இருக்கிறது. "சிவப்புச் சட்டை போட்ட குழந்தை இரண்டாவது மாடியில் நிற்கிறது, பெற்றோர் உடனே வரவும்" என்று அவர் சொன்னால், பிள்ளையைத் தொலைக்காதவர்கள்கூடத் தங்கள் பிள்ளையை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அப்படி ஓர் அதட்டல், அதற்குள்ளேயே ஓர் அக்கறை.

எனக்குத் திருப்பரங்குன்றத்தில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக் கூடம் இருக்கிறது. ஆட்டோவில் ஊர் சுற்றும் தள்ளுபடி விளம்பரம் எல்லாம் இங்கேதான் பிறக்கிறது. கடை விளம்பரம் பேச வருகிற பழக்கத்தில்தான் அக்கா எனக்குப் பழக்கம். பேசி முடித்ததும் உடனே கிளம்பமாட்டார். டீ வரும், அதோடு தங்கச்சி கதையும் வரும்.

தங்கச்சி பெயர் பிருந்தா, பரவையில் இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னால் அக்காவின் மகள் ஸ்வப்னாவுக்குக் கல்யாணம். சாமிக்கு வைத்த பிறகு முதல் பத்திரிகை கூடப் பிறந்தவளுக்கு. புருஷனும் பெண்டாட்டியுமாக நேரில் போய், குங்குமம் கொடுத்துக் கூப்பிட வேண்டும். அக்காவுக்கு அலைச்சல். "பரவைதானே, நாளைக்குப் போய்க்கலாம்" என்று பத்திரிகையைப் போட்டோ எடுத்துப் போனில் அனுப்பிவிட்டார். அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. பிருந்தாவும் கல்யாணத்துக்கு வரவில்லை. அதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

"நேர்ல வைக்காதது என் தப்புத்தான் தம்பி. அதுக்காகச் சித்திக்காரி வராம இருப்பாளா?" என்பார் அக்கா. "மொதல்ல அவ பேசட்டும்." பிருந்தா அங்கே இதையே மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் தங்கச்சி பேச்சை எடுக்காமல் அக்கா ஒருநாளும் என் கூடத்தை விட்டுப் போனதில்லை. அவருக்கு அந்தத் தங்கச்சி வேண்டும். எப்படித் திரும்பப் போய்ச் சேர்வது என்றுதான் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் சிவபாண்டி வந்து சேர்ந்தான். மேலூர்க்காரன், என்னோடு படித்தவன். அங்கே ஒரு கேபிள் டிவிக்கு விண்வெளித் தொடர் எடுக்கப் போவதாகச் சொன்னான். பெயர் 'விண்கப்பல் வைகை'.

"ஆத்துலயே தண்ணியக் காணோம், இதுல வானத்துல வேற ஓடப்போகுதா?" என்றேன்.

"சிரிக்காத மாப்ள. மொத எபிசோடு பாரு, அசந்துருவ."

கைவிட்ட கிரானைட் குவாரி ஒன்றைக் கிரகமாக்கிவிட்டான். அதைக் குறை சொல்ல முடியாது, அங்கே நின்றால் பூமி ஞாபகமே வராது. முதல் எபிசோடின் கதை இதுதான். பூமியிலிருந்து கிளம்பிய கப்பல் முதன்முதலாக ஒரு கிரகத்தில் இறங்குகிறது. அந்தக் கிரகத்தின் தலைவி வாசலிலேயே மறிக்கிறாள். கோபமாகப் பேசுகிறாள். பேசப் பேச மனம் இளகி, கடைசியில் உள்ளே விடுகிறாள். தலைவிக்குத் தெர்மாகோல் முகமூடி. உள்ளே வர்ஷினி என்கிற கல்லூரிப் பெண். குரல் மட்டும் வேறு ஆள் கொடுக்க வேண்டும், அதுவும் யாருக்கும் புரியாத பாஷையில்.

"உங்கிட்ட விளம்பரம் பேச வர்ற ரங்கநாயகி அக்கா வீட்டுல பேசுறது சௌராஷ்டிரம்ல? அதையே பேசட்டும்" என்றான் சிவபாண்டி.

"மதுரையில தெருத்தெருவா அந்தப் பாஷை பேசுறாகடா."

"நம்ம கேபிளு மேலூரத் தாண்டாது மாப்ள. அங்க யாருக்குப் புரியப்போகுது?"

அக்கா முதலில் தயங்கினார். வீட்டுக்குள் பேசுகிற பாஷையை மைக்கில் அவர் பேசியதே இல்லை. "என்ன பேசணும்?" என்று கேட்டார்.

"எது வேணாலும் பேசுங்கக்கா, மேலூரத் தாண்டிப் போகாது. வாசல்ல ஒருத்தர் நிக்கிறாரு, உங்களுக்குக் கோவம். போகப்போக மனசு எறங்கணும். கீழ தமிழ்ல எழுத்து நான் போட்டுக்கிறேன்."

அக்கா கண்ணாடி அறைக்குள் போய்த் தலையில் ஹெட்போனை மாட்டினார். ஆரம்பித்தார். நானும் எத்தனையோ பேர் குரலைப் பிடித்திருக்கிறேன், அன்றைக்கு மாதிரி கேட்டதில்லை. அதட்டினார், மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டார், பிறகு குரல் மெல்ல இறங்கியது. கடைசியில் ஏதோ ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லி நிறுத்தினார். சிவபாண்டி கைதட்டினான். அக்கா வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த டீயைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார். தங்கச்சி பேச்சையும் எடுக்கவில்லை. உடம்பு சரியில்லை போல என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல?

எபிசோடு மேலூரில் ஓடியது, நன்றாகவே ஓடியது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆர்வக்கோளாறில் சிவபாண்டி தலைவி பேசும் துண்டை மட்டும் வெட்டி யூடியூப்பில் போட்டுவிட்டான். மறுநாள் என் மாடியில் குடியிருக்கும் பாலசுந்தரம் சார் போனும் கையுமாக இறங்கி வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அவர் வீட்டிலும் சௌராஷ்டிரம்தான்.

"இந்தக் கிரகத்துல என்ன பேசுறாங்கன்னு தெரியுமா ஜெயராம்?" என்று கேட்டுச் சிரித்தார். கீழே தமிழில் 'மானிடர்களே, எங்கள் எல்லையை மீறிவிட்டீர்கள்!' என்று ஓடிக்கொண்டிருந்தது. சார் நிறுத்தி நிறுத்தி எனக்கு அர்த்தம் சொன்னார்.

"ஏண்டி, அம்புட்டு ரோஷமா உனக்கு? ஒரு பத்திரிகைக்காக நான் பெத்தவ கல்யாணத்துக்கு வராம இருந்துட்டியே. சித்தி எங்கம்மான்னு புள்ள கேட்டா, நான் என்ன சொல்லுவேன்? சரி, தப்பு என் மேலதான். நீ வந்து என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்ல? திட்டக்கூட வரலியே நீ."

சார் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். "கடைசியில 'வா, வா'ன்னுதான் சொல்லிட்டே இருக்காங்கப்பா" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இரண்டே நாளில் சௌராஷ்டிர வீடுகள் அத்தனையிலும் அந்தத் துண்டு ஓடியது. ஜவுளிக்கடைக்குப் புடவை எடுக்க வந்தவர்கள், புடவையை விட்டுவிட்டு மைக் அறையை எட்டிப் பார்த்தார்கள். அக்கா சிவபாண்டியைப் போனில் பிடித்துக் கிழி கிழி என்று கிழித்தார். ஆனால் அந்தத் துண்டை எடுக்கச் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

அந்தத் துண்டின் முடிவில் ஒலிப்பதிவு என்று என் பெயரையும் நம்பரையும் சிவபாண்டி போட்டிருந்தான். அந்த நம்பருக்கு ஒரு போன் வந்தது. எடுத்ததும் அக்கா குரல். "என்னக்கா?" என்றேன்.

"நான் அவ இல்ல. அவ தங்கச்சி." நான் எழுந்து நின்றுவிட்டேன். "அவகிட்டச் சொல்லுங்க தம்பி. கல்யாணத்துக்குப் போன்ல கூப்பிட்டா. இப்ப சமாதானத்துக்கு டிவில கூப்பிடுறா. அவளுக்குக் கால் இல்லியா? பரவை என்ன செவ்வாய்க் கிரகத்துலயா இருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார். என்ன செய்வது? அக்காவிடம் அப்படியே சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஊரே கேக்க எறங்கி வந்தேன். இது பத்தலியாமா அவளுக்கு?"

"நீங்க எங்கக்கா எறங்கி வந்தீங்க? மேலூருக்குள்ளயே முடிஞ்சு போயிரும்னு நெனச்சுத்தானே பேசுனீங்க?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு பத்துப் பதினைந்து நாள் என் பக்கம் தலைகாட்டவில்லை. ஒரு நல்ல குரலையும் நல்ல மனுஷியையும் வாயால் கெடுத்துக்கொண்டோம் என்று வருந்திக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா வாசலில் வந்து நின்றார். நல்ல பட்டுப் புடவை, தலையில் பூ, கையில் குங்குமச் சிமிழ்.

"தம்பி, வண்டி எடுங்க. வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போனா அவரு வாசல்ல நின்னு நியாயம் பேசுவாரு."

"குங்குமம் எதுக்குக்கா? எதுக்குக் கூப்பிடப் போறீங்க? வீட்டுல விசேஷமா?"

"விசேஷம் ஒண்ணும் இல்ல. போய்த்தான் யோசிக்கணும்."

திண்டுக்கல் ரோட்டில் வழிநெடுக அவர் குங்குமச் சிமிழை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தார். பரவை மார்க்கெட்டைத் தாண்டி, ஒரு சந்தில் பச்சைக் கேட் போட்ட வீட்டைக் காட்டினார். நான் வண்டியில் உட்கார்ந்துகொண்டேன். கதவைத் திறந்தவர் அக்காவை அச்சில் வார்த்தமாதிரி இருந்தார், கொஞ்சம் ஒல்லி. யாரும் வா என்று சொன்னதாகத் தெரியவில்லை. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

பிறகு ஆரம்பித்தது. இரண்டும் ஒரே குரல். யார் கேட்கிறார், யார் பதில் சொல்கிறார் என்று பிரிக்க முடியவில்லை. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு எந்த நேரமும் வெளியே வந்துவிடுவார் என்று பயந்து, வண்டியைத் திருப்பிக்கூட வைத்துவிட்டேன். நடுவில் பேச்சு அப்படியே நின்றது. அது சண்டையைவிடப் பயமாக இருந்தது.

கதவு திறந்தது. பிருந்தா அக்கா காபி டம்ளரோடு வந்தார். கண் வீங்கியிருந்தது. நெற்றியில் புதுக் குங்குமம், மூக்கில் கொஞ்சம் சிந்திக் கிடந்தது.

"இதக் குடிச்சிட்டு நீங்க கெளம்புங்க தம்பி" என்றார். "அவ இன்னிக்கு வரல."